முன்பல் இரண்டுக்கும் நடுவே

பல்லக்கா ராஜினாமாக் கடிதத்தை எழுதி, நான்காக மடித்து, ஏப்ரன் பைக்குள் போட்டு நான்கு நாள் ஆகிவிட்டது. எழுத ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. கொடுப்பதற்குத்தான் கை வரவில்லை. பயமெல்லாம் ஒன்றுமில்லை. முதலாளி எதிரே உட்கார்ந்து ஏன், எதற்கு என்று விளக்கம் சொல்ல வேண்டுமே, அந்த அலுப்புதான். வேலையை விடுவதற்கே அலுப்பாக இருக்கிறது என்றால், அந்த வேலை அவளை எந்த அளவுக்குப் பிழிந்துபோட்டிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் பல்செட் செய்கிறவள். அதனால்தான் கூட வேலை செய்பவர்கள் பல்லக்கா என்று கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து பிளாஸ்டர் மாவில் அச்சு வார்க்க வேண்டும். அச்சின் மேல் மெழுகு கட்டி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட வேண்டும். கடைசியில் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, ஈறு நிறத்துப் பிளாஸ்டிக்கை அந்த இடத்தில் அடைத்து வேகவைத்தால் செட் தயார். பத்தொன்பது வருடமாக இதேதான். ஒரு தட்டில் ஒரு வாய். அதற்கு ஒரு நம்பர், ஒரு சீட்டு. அந்த வாய் யாருடையது, அது பாடுமா, யாரையாவது திட்டுமா, ஒன்றும் தெரியாது. பட்டறை வாசலில் ‘வெளியாட்களுக்கு அனுமதி இல்லை’ என்று பலகை வேறு. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்.

ஆரம்பத்தில் இந்த வேலை மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை இருந்தது. அது எப்போது கழன்றுகொண்டது என்று தெரியவில்லை. ஒரே நாளில் வெறுத்துப்போயிருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஒரு தேதி இருந்திருக்கும். காலையில் அலாரம் அடித்தால் தலையணையை முகத்தில் அழுத்திக்கொள்வாள். பஸ்ஸில் உட்கார்ந்தபடி, இந்த பஸ் இன்றைக்குப் பழுதாகி நடுவழியில் நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைப்பாள். பாழாய்ப்போன பஸ் ஒரு நாளும் நின்றதில்லை. “லீவு போட்டுட்டு ஒரு வாரம் நல்லாத் தூங்கு” என்றார் வீட்டுக்காரர். போட்டாள், தூங்கினாள். எட்டாம் நாள் அலாரம் அடித்தது, தலையணை மறுபடி முகத்துக்கு வந்தது. அன்றைக்குத்தான் கடிதம் எழுதினாள்.

ஐந்தாம் நாள் காலை, இன்றைக்குக் கொடுத்தே தீர்வது என்று நாற்காலியை விட்டு எழுந்தாள். அப்போது பார்த்து வாசலில் சத்தம்.

“பலகையைப் படிச்சேன், எனக்கும் படிக்கத் தெரியும். இதைச் செஞ்சது யாரு? அவங்களைப் பார்க்காம நான் நகர மாட்டேன்.”

அறுபது வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. நெடுநெடுவென்ற உயரம், காலில் கேன்வாஸ் ஷூ, கையில் ஒரு டப்பா. பின்னாலேயே முதலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“பல்லக்கா, உன் செட் ஒண்ணு திரும்பி வந்திருக்கு.”

பட்டறையே தலையைத் தூக்கிப் பார்த்தது. அவள் செய்த செட் கடைசியாகத் திரும்பி வந்து ஆறு வருடம் இருக்கும்.

“கடிக்க முடியலையா? எங்கேயாவது குத்துதா?” என்றாள் பல்லக்கா.

“கல்லைக் கூடக் கடிப்பேன். அழகா வேற இருக்கு. ஆனா விசில் வரலை.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள் அவள், பார்வையிலேயே மூன்று வகுப்பை வரிசையில் நிறுத்தியவள்.

“ஏம்மா, இந்த வயசுல விசில் எதுக்கு...” என்று இழுத்தார் முதலாளி.

“எனக்கு வேணும். விளையாட்டு டீச்சரா இருந்தவ நான், தெளிவாத்தான் கேட்டேன். டாக்டர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவரும் எழுதினாரு, நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்.”

பல்லக்கா பழைய சீட்டைத் தேடி எடுத்தாள். நிறம், அளவு எல்லாம் மேலே இருந்தன. கீழ்ப்பாதி மடிந்திருந்தது. விரித்தாள். ‘முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும்’ என்று எழுதி, இரண்டு அடிக்கோடு போட்டிருந்தார் டாக்டர். அந்த மடிப்பை அவள் அன்றைக்கு விரிக்கவே இல்லை. கை போன போக்கில், எல்லோருக்கும் போல நெருக்கி நட்டுத் தொலைத்திருக்கிறாள். வழக்கமாக மெழுகிலேயே ஒரு தடவை வாயில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த வாரம் டாக்டருக்கு வெளியூர்ப் பயணம், அவசரம் என்று நேரே முடித்து வாங்கிக்கொண்டார். அதனால் தப்பு யார் கண்ணிலும் படவில்லை.

“தப்பு என்னோடதுதான், டீச்சர். நான் சீட்டை ஒழுங்காப் படிக்கலை.”

சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு வந்தவளுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“எங்க வீட்டுக்காரருக்கு மூணு வருஷமா கண்ணு தெரியாது. அதுக்கு முன்னாடி தினமும் ஓடுவாரு. கப்பு, மெடல்னு எதுவும் கிடையாது, சும்மா ஓடுவாரு. ஓடலைன்னா அன்னிக்கு மனுஷன் மனுஷனா இருக்க மாட்டாரு. கண்ணு போனதும் மூலையில உக்காந்துட்டாரு. நான்தான் மைதானத்துக்கு இழுத்துட்டுப் போனேன். அந்தக் கோடியில நின்னு, பல்லு சந்துல விசில் அடிப்பேன். சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு நேரா வருவாரு. முதல்ல நடந்தாரு. அப்புறம் ஓடினாரு. என் பல்லெல்லாம் போய் இந்த செட் வந்ததும் விசில் நின்னுபோச்சு.”

“இரும்பு விசில் ஒண்ணு வாங்கிக்கலாமே?” முதலாளிக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

“வாங்கினேனே! அதே விசில் அங்க இன்னும் நாலு பேர் வச்சிருக்காங்க. கால்பந்துக்காரங்க விசிலைக் கேட்டு ஓடி, கம்பிவேலியில மோதிட்டாரு. முட்டி பேந்துபோச்சு. முட்டி ஆறிடுச்சு, மனசு ஆறலை. போதும், விட்டுடுன்னு சொல்லிட்டாரு. இன்னியோட இருபத்திமூணு நாள், ரேடியோவைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு.”

போதும், விட்டுடு. பல்லக்காவின் பைக்குள் மடிந்து கிடந்ததும் ஏறக்குறைய அதேதான். ஒருத்தர் கால் நின்றுபோனது தன் கையால் என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

“எனக்கு ஒரு வாரம் குடுங்க, டீச்சர். ஆனா நீங்க இங்க வந்து உக்காரணும். நீங்க இல்லாம இது ஆகாது.”

“அதெப்படிம்மா, வெளியாள்...” என்று முதலாளி வாயெடுத்தார்.

“அப்ப பலகையைத் திருப்பி மாட்டுங்க” என்றாள் பல்லக்கா. அவள் இப்படி வெடுக்கென்று பேசி முதலாளி கேட்டதே இல்லை. தலையை ஆட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

பழைய அச்சு அலமாரியில் பத்திரமாக இருந்தது. மெழுகில் புதிதாக ஒரு செட் கட்டி, முன்பல் இரண்டுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் விட்டாள். டீச்சர் வாயில் மாட்டிக்கொண்டு ஊதினாள். டயரில் காற்று இறங்குகிற சத்தம் வந்தது. ஒன்றரைக்குக் குறைத்தாள். கொஞ்சம் கீச்சென்றது, அதோடு சரி. ஒன்றுக்குக் குறைத்தாள், அதுவும் போயிற்று. வாய்ச்சூட்டில் மெழுகு இளகிவிடும், ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். அளவுகளைக் குறித்துக்கொள்ளப் பையில் கைவிட்டு, அகப்பட்ட தாளை எடுத்துப் பின்பக்கத்தில் எழுதினாள். அது எந்தத் தாள் என்று நமக்குத் தெரியும். அவள் கவனிக்கவில்லை.

மூன்று நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் சாயங்காலம் டீச்சர், “விடும்மா, எனக்குக் குடுத்துவச்சது இவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு ஷூ நாடாவை இறுக்கினாள். குரல் உடைந்திருந்தது.

பல்லக்கா வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று உஸ் உஸ் என்று ஊத ஆரம்பித்தாள்.

“லெட்டர் குடுத்தியா?” என்றார் வீட்டுக்காரர்.

“எந்த லெட்டர்? இருங்க, நாக்கு எங்க போகுதுன்னு பார்க்கிறேன்.”

“நாப்பத்தஞ்சு வயசுல விசிலா? வாழ்க!” என்று அவர் அடுப்படிக்குப் போனார்.

நாக்கு நுனி பல்லின் பின்பக்கம்தான் போய் முட்டியது. அவளுக்குப் பொறி தட்டியது. இத்தனை நாளும் இடைவெளியையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள், பின்னால் ஈறு எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்று பார்க்கவே இல்லை! நாக்கு போய் உட்கார அங்கே இடம் எங்கே இருக்கிறது?

மறுநாள் அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்துவிட்டாள். டீச்சரைப் போன் போட்டு வரவழைத்து, பின்பக்க மெழுகை ஒரு தாள் கனத்துக்குச் சுரண்டினாள். ஊதச் சொன்னாள். இன்னும் ஒரு தாள் கனம். ஊதச் சொன்னாள். ஐந்தாவது தடவை ஒரு விசில் கிளம்பியது பாருங்கள், மாவு குழைத்துக்கொண்டிருந்தவர் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டார். முதலாளி அறையை விட்டு ஓடிவந்தார். டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பல்லக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே தாளில் அளவை எழுதி, டீச்சரின் கேஸ் ஃபைலில் செருகினாள்.

பிளாஸ்டிக்கில் வேகும்போது ஒரு இழை மாறினாலும் எல்லாம் வீண். அடுத்த இரண்டு நாளும் அவள் வேகவைக்கிற பாத்திரத்தின் பக்கம் வேறு யாரையும் விடவில்லை.

செட் கொடுத்த மறுநாள் விடிந்ததும் மைதானத்துக்கும் போனாள். யாரும் கூப்பிடவில்லை, பட்டறையில் உட்கார்ந்து காத்திருக்க முடியாது என்றுதான் போனாள். அந்தக் கோடியில் டீச்சரின் வீட்டுக்காரர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், வரமாட்டேன் என்று சண்டை போட்டுத்தான் வந்தாராம். இந்தக் கோடியில் டீச்சர் விசில் அடித்தாள். அவர் அசையவில்லை. மறுபடி அடித்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். மூன்றாவது விசிலுக்குக் கம்பியை விட்டார். பத்தடி நடந்தார். பிறகு ஓடினார், கையை வீசிக்கொண்டு, கோடு போட்ட மாதிரி நேராக. டீச்சருக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றார்.

“பழைய விசிலை விட ஒரு இழை கீச்சா இருக்கு” என்றார் மூச்சிரைத்தபடி.

“ஓடி வந்ததே பெரிசு, இதுல குறை வேறயா!”

“இருங்க டீச்சர், அவர் சொல்றது சரிதான். இடதுபக்கம் உள்ளே கொஞ்சம் தேய்க்கணும். இப்பவே கழட்டிக் குடுங்க, பத்து மணிக்குள்ள கொண்டுவந்துடறேன்.”

சொல்லிவிட்டுப் பல்லக்காவே அசந்துபோனாள். பட்டறைக்குப் போக அவளுக்கு அவசரமாக இருந்தது.

அன்று மதியம் முதலாளி கேஸ் ஃபைலோடு அவள் மேஜைக்கு வந்தார். கையில் ஒரு தாள் இருந்தது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா இது? ஒரு பக்கம் விசில் அளவு. இன்னொரு பக்கம் வேலையை விடறேன்னு எழுதியிருக்கு. நான் எந்தப் பக்கத்தைப் படிக்கிறது?”

பல்லக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. மறைக்க நினைக்கவில்லை.

“அலுப்பு இன்னும் போகலைங்க. நம்பரைப் பார்த்துப் பல்லு நட்டு நட்டு எனக்குக் கை மரத்துப்போச்சு. இனிமே ஒவ்வொரு சீட்டுலயும், அந்த வாய்க்காரங்க யாரு, என்ன வேலை செய்யறாங்கன்னு டாக்டர் எழுதணும். மெழுகு பார்க்க அவங்க இங்க வரணும், என் கண்ணு முன்னால போட்டுப் பேசணும். முடியும்னா இந்தப் பக்கத்தைப் படிங்க. முடியாதுன்னா அந்தப் பக்கத்தைப் படிங்க.”

முதலாளி தாளை இன்னும் ஒரு தடவை புரட்டினார். பிறகு அளவு எழுதிய பக்கம் மேலே தெரியும்படி ஃபைலில் வைத்து மூடிவிட்டு, வாசல் பலகையைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் தேடப் போனார்.