சாக்கு ஓட்டம், முதல் பரிசு

ஆதில் சவுதியிலிருந்து லீவில் வந்த மறுநாள் காலையிலேயே உம்மாவின் விருதுகளுக்கு நம்பர் ஒட்ட ஆரம்பித்துவிட்டான். தம்மாமில் அவனுக்குக் கிடங்கு வேலை. அங்கே ஒரு திருகாணிகூட நம்பர் இல்லாமல் அலமாரி ஏறாது. இத்தனை வருஷத்தில் அந்தப் பழக்கம் உடம்போடு ஒட்டிவிட்டது. வீட்டுக்கு வந்தாலும் சோற்றுப் பானையைப் பார்த்தால் எந்த வரிசை, எந்த அடுக்கு என்றுதான் முதலில் தோன்றும். மேலப்பாளையம் வீட்டு மாடி அறையில் பாயை விரித்து, லேப்டாப்பைத் திறந்து வைத்து, கேடயங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, பின்பக்கம் ஒரு நம்பரை ஒட்டி, விவரத்தைக் கட்டம் கட்டமாக ஏற்றிக்கொண்டிருந்தான். டீ கொண்டுவந்த தஸ்மியா சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் நெற்றியிலும் ஒன்று ஒட்டிவிடச் சொன்னாள். அப்படியாவது வருஷத்துக்கு ஒரு தடவை இருப்புச் சரிபார்க்க ஆள் வருமல்லவா என்று கேட்டாள். பன்னிரண்டு மாதம் பிரிந்திருந்த புருஷனிடம் கேட்கவேண்டிய கேள்விதான். ஆதில் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த கேடயத்தை எடுத்தான்.

பட்டிமன்ற நடுவர் மும்தாஜ் பேகம் என்றால் அந்த ஜில்லாவில் தெரியாத ஆள் குறைவு. பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தவள். கோயில் கொடை, தர்கா கந்தூரி, மாதா கோயில் திருவிழா என்று எந்த மேடையானாலும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடுநாற்காலியில் உட்கார்ந்து, கையில் மணியை வைத்துக்கொண்டு இரண்டு அணியையும் ஒரு ஆட்டு ஆட்டிவிடுவாள். கணவர் இப்ராஹிம் இருந்தவரை அவர்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவார். வீட்டில் உப்புக் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று பேச்சு வந்தாலும் இரண்டு பக்கமும் தானே பேசித் தானே தீர்ப்பும் சொல்லிவிடுவாள். மற்றவர்களுக்குச் சாப்பிடுகிற வேலை மட்டும்தான்.

அவள் பெயரில் ஊர் நூலகத்தில் ஒரு அறை ஒதுக்குவதாகப் பேச்சு வந்தபோது ஆதில்தான் தம்மாமிலிருந்து போன் போட்டு முந்திக்கொண்டான். எங்கள் வீட்டில் நாலு பீரோ நிறைய விருது இருக்கிறது, கண்ணாடி அலமாரி என் செலவு என்று அங்கிருந்தே வாக்குக் கொடுத்துவிட்டான். வண்ணார்பேட்டையில் சொல்லிச் செய்த அலமாரிகள், உள்ளே சின்னச் சின்ன விளக்குகளோடு, இப்போது அந்த அறையில் வந்து நிற்கின்றன. நடு அலமாரியின் நடுத்தட்டில் எதை வைப்பது என்பதையும் அவன் முடிவு செய்திருந்தான். உம்மா வாங்கிய முதல் கேடயம். அம்பாசமுத்திரம் நெல் வியாபாரிகள் கொடுத்தது. மரப்பலகையில் பித்தளைத் தகடு, தகட்டில் ஒரு நெற்கதிர். அன்றைக்கு ஆதிலுக்குக் காய்ச்சல். கொதிக்கிற உடம்போடு வாசல்வரை ஓடி அழுதும் உம்மா போய்விட்டாள். காலையில் கண் விழித்தபோது தலைமாட்டில் அந்தக் கேடயம் இருந்தது. காய்ச்சல் விடும்வரை அதைக் கட்டிக்கொண்டுதான் படுத்திருந்தான். சாயங்காலமானால் மேடைக்குப் போய்விடுகிற உம்மாவுக்குப் பதிலாக அவனுக்குக் கிடைத்தது அதுதான். அதை விளக்கு வெளிச்சத்தில் ஊரே பார்க்கவேண்டும் என்று அவன் ஆசைப்பட்டதில் தப்பு என்ன இருக்கிறது?

முதல் பீரோ முடிந்தது. இரண்டாவது பீரோவில் கைக்கு வந்த ஒரு கேடயத்தில் 'சாக்கு ஓட்டம், முதல் பரிசு, ஐந்தாம் வகுப்பு' என்று போட்டிருந்தது. வேலை மும்முரத்தில் 'துறை' என்ற கட்டத்தில் 'சாக்கு ஓட்டம்' என்று ஏற்றிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனவன் அப்புறம்தான் நின்றான். உம்மா எப்போது சாக்குக்குள் இறங்கி ஓடினாள்? எழுத்து ஒரு ஸ்டிக்கரில் இருந்தது. நகத்தால் சுரண்டினான். அடியில் 'நாவரசி மும்தாஜ் பேகம் அவர்களுக்கு' என்று தகடு பளிச்சென்று சிரித்தது. மூன்றாவது பீரோவைத் திறந்தான். பாச்சா உருண்டை வாசனை மட்டும் இருந்தது. நாலாவதில் தஸ்மியாவின் பழைய மிக்சி இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். உம்மா சின்னப் பள்ளிக்கூடங்களின் ஆண்டுவிழாவுக்குப் போகும்போதெல்லாம் தன் கேடயங்களில் இரண்டு மூன்றைப் பையில் போட்டுக்கொண்டு போவாள். பிள்ளை பெயரை எழுதி ஸ்டிக்கரைத் தகட்டின் மேல் ஒட்டி மேடையிலேயே கொடுத்துவிடுவாள். சாக்கு ஓட்டத்துக்கென்று, பெயருக்கு மட்டும் இடம் விட்டு முன்கூட்டியே எழுதி ஒட்டியது, மழையால் விழா நின்றுபோனதால் வீட்டிலேயே தங்கிவிட்டது. பொன்னாடைகளின் கதையும் அதுதான். ஜன்னலைத் திறந்து பார்த்தால் எதிர்வீட்டு ஃபிரிட்ஜுக்கு உம்மாவின் பொன்னாடை உறை; பக்கத்து வீட்டுத் தொட்டில் மினுமினுவென்று ஆடியது; தெருவில் ஒரு சின்னப்பெண் ஜரிகை மின்ன மின்னப் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பல வருஷமாக லீவில் வந்து போகிறவன் இதையெல்லாம் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறான். தெருவே உம்மாவின் அருங்காட்சியகமாக இருக்க, இவன் கண்ணாடிக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

நூலகர் ஆன்லினிடம் போய் நின்றபோது அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆன்லின் உவரிப் பக்கத்துப் பெண், இதற்கென்றே படித்தவள், எதற்கும் பதறமாட்டாள். கையில் இல்லாத பொருளையும் பட்டியலில் ஏற்றலாம், எங்கே இருக்கிறதோ அந்த இடத்தை எழுதினால் போதும் என்றாள். இருப்பில் இல்லாதது எப்படி இருப்பாகும் என்று ஆதில் கிடங்குக்காரனாகவே கேட்டான். அவள் சிரித்துவிட்டு, முதல் கேடயமாவது இருக்கிறதல்லவா, திறப்பு விழாவுக்கு அது போதும், அதைக் கொண்டுவாருங்கள் என்றாள்.

இதுவரை நம்பர் ஒட்டியவற்றில் அது இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வீட்டில் துழாவாத இடமில்லை. கடைசியில் உம்மா எதிரில் போய் உட்கார்ந்தான். அவள் பனங்கற்கண்டைத் தட்டி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள், தொண்டைக்கு. சின்னப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்க வசதி இருக்காது, பிள்ளை அழகாகப் பேசிவிட்டு வெறுங்கையோடு இறங்கினால் தன்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று அவளே முதல் அணியாகத் தொடங்கினாள். கேடயம் இல்லாவிட்டால் என்ன, மணியையும் இந்த டப்பாவையும் கொண்டுபோய் வை என்றாள்.

"உம்மா, அம்பாசமுத்திரத்துக் கேடயம் எங்க?"

மும்தாஜ் பேகம் கற்கண்டு டப்பாவை மூடி ஓரமாக வைத்தாள்.

"அது எப்பமும் என் பையிலதாம்லே கெடக்கும்," என்றாள் பைய. "காய்ச்சப் பிள்ளைய அழவிட்டுட்டுப் போனது எனக்கு மறக்குமா? ஒவ்வொரு மேடைக்கும் ஒன்னயும் கூட்டிட்டுப் போறதா நெனச்சுக்கிடுவேன். மாஞ்சோலையில வச்சுக் குடுத்துட்டேன்."

மாஞ்சோலையில் தேயிலைத் தொழிலாளர் விழா. மலையில் இருப்பது சுகமா, ஊருக்கு இறங்குவது சுகமா என்று பட்டிமன்றம். பிள்ளைகள் படிப்புக்கு ஊர்தான் சுகம் என்று உம்மா தீர்ப்புச் சொல்லி மணியடித்துவிட்டாள். கூட்டத்திலிருந்து ஒரு சின்னப்பெண் எழுந்து, டீச்சர், தீர்ப்பு தப்பு என்றாளாம். மேலே வந்து பேசு என்று உம்மா மைக்கைக் கொடுத்தாள். அவள் பேசிய பேச்சில், நடுவராக உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தீர்ப்பை மாற்றிச் சொல்லவேண்டியதாகிவிட்டது. கொண்டுபோன கேடயங்களெல்லாம் அதற்குள் தீர்ந்திருந்தன. பையில் மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

"அந்தப் பிள்ளைய வெறுங்கையோட அனுப்ப முடியுமா, நீயே சொல்லு. குடுத்துட்டு எறங்குதேன், பஸ்ஸு வளைவு வளைவா சுத்துது, நான் அழுதுக்கிட்டே வாரேன். வாந்தி வருதாக்கும்னு கண்டக்டர் எலுமிச்சம்பழம் தந்தாரு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. "போயிப் பாரு. ஆனா கேக்காத. அவளா தந்தா ஒன் இஷ்டம்."

ஆதிலுக்கு அன்று மனசு ஒரு நிலையில் இல்லை. தான் பெரிதென்று நினைத்ததை உம்மாவும் பெரிதென்றுதான் நினைத்திருக்கிறாள் என்பதில் சந்தோஷம். அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்று ஆற்றாமை. கேட்காதே என்று உம்மா சொன்னாள், மாற்றிக்கொள்ளாதே என்று சொல்லவில்லையே என்று தானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். வண்ணார்பேட்டைக் கடையில் முழங்கை உயரத்துக்கு மினுக்கும் கேடயம் ஒன்றை வாங்கி, அந்தப் பெண்ணின் பெயரையும் பொறித்துப் பைக் பெட்டியில் வைத்துக்கொண்டான். பெயரும் முகவரியும் மாஞ்சோலைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மூலம் கிடைத்தன. டார்லின். கம்பெனியின் குத்தகை முடிந்து தோட்டத்தை விட்டு எல்லாரும் இறங்கியபோது அவர்களும் இறங்கி, மணிமுத்தாறு பக்கம் அரசாங்கம் ஒதுக்கின வீட்டில் இருக்கிறார்களாம். அம்பாசமுத்திரம் தாண்டி வயல் நடுவே போகும்போது நடவு முடிந்த பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பெட்டிக்குள் புதுக் கேடயம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் டங்கென்று குதித்தது.

டார்லின் இப்போது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். மும்தாஜ் டீச்சர் மகன் என்றதும் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியில் ஆதிலுக்குத் தன் பெட்டியில் இருப்பது நினைவு வந்து கூசியது. அவள் அப்பா முத்துமாலை பாயை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். சின்ன அறை. டிவிக்கு மேல், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், அந்தக் கேடயம் இருந்தது. மரப்பலகை துடைத்துத் துடைத்துக் கறுத்திருந்தது. ஸ்டிக்கருக்கு வெளியே நெற்கதிரின் நுனி எட்டிப் பார்த்தது. ஆதில் பார்த்துக்கொண்டே இருந்தான். நூலகத்து அறையைப் பற்றி, விளக்குகளைப் பற்றி, எதற்கு வந்தான் என்பதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னான். அவன் கண் போகிற திசையை முத்துமாலை கவனித்துவிட்டார்.

"கம்பெனி வீடு, கம்பெனி தண்ணி, கம்பெனி வெளிச்சம், அண்ணாச்சி," என்றார். "எங்க பேரு எழுதி எங்களுக்குன்னு அந்த மலையில இருந்தது இது ஒண்ணுதான். எறங்கும்போது சாமானெல்லாம் லாரியில ஏத்தினோம். இத மட்டும் ஏத்தல. மடியில வச்சுத்தான் கொண்டாந்தேன்."

டார்லின் எழுந்து கேடயத்தை எடுத்து முந்தானையால் ஒரு துடைப்புத் துடைத்தாள். ஆதில் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அவள் அதைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

"கொண்டு போங்கண்ணே. இதுக்கு அடியில டீச்சர் பேரு இருக்குன்னு எனக்கு அப்பமே தெரியும். கொடுத்த அன்னைக்கே ஓரத்த உரிச்சுப் பாத்துட்டேன்லா. எம் பேருக்கு அடியில அவங்க பேரு கெடக்குன்னு பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிட்டு அலைஞ்சேன்." அவள் குனிந்து ஸ்டிக்கரின் தூக்கிக்கொண்டு நின்ற ஓரத்தில் நகத்தை வைத்தாள். "இத எடுத்துருவோம். கண்ணாடிக்குள்ள வைக்கும்போது எம் பேரு எதுக்கு?"

ஓரம் கொஞ்சம் கிழிந்து வந்தது. பித்தளையில் உம்மாவின் பெயரில் பாதி தெரிந்தது. இதற்காகத்தான் அவன் இத்தனை தூரம் வந்தான். மடியில் கேடயத்தின் கனம் சின்ன வயசில் இருந்ததுபோலவே இருந்தது. முத்துமாலை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உரிக்காதம்மா," என்றான். "வீட்டுல பெவிகால் கெடக்கா?"

டியூஷன் பிள்ளைகளின் டப்பாவிலிருந்து பெவிகால் வந்தது. ஆதில் ஒரு சொட்டு விட்டு, தீக்குச்சியால் தடவி, கிழிந்த ஓரத்தைச் சுருக்கம் விழாமல் நீவி, வலது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். எடுத்தால் தூக்கிக்கொள்ளும், கொஞ்ச நேரம் பிடிக்கத்தான் வேண்டும். சும்மா இருந்த இடது கையால் போனில் விருதுப் பட்டியலைத் திறந்து, 'இடம்' என்று காலியாகக் கிடந்த கட்டத்தில் 'மணிமுத்தாறு, டார்லின் வீடு, டிவிக்கு மேல்' என்று தட்டுத் தடுமாறி ஏற்றினான். நூலகத்தின் நடுத்தட்டில் என்ன வைப்பது என்று இனிமேல்தான் யோசிக்கவேண்டும். டார்லின் டீயைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். ஏலக்காய் தட்டிப் போட்ட டீ. வாசனை மூக்கைத் துளைத்தது. இடது கையால் எடுத்துக் குடித்துப் பழக்கமில்லை. வலது கட்டைவிரலை எடுக்கவும் மனசு வரவில்லை. ஆறிப்போகும், குடிங்க அண்ணாச்சி என்று முத்துமாலை உபசரித்தார். ஆதில் சரி சரி என்று தலையாட்டினான். டீயின் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது. அவன் அழுத்திப் பிடித்தபடியே இருந்தான்.