பூசை வைத்த ஸ்டவ்

“இப்ப உள்ள ஆளுகளுக்குப் பொறுமை எங்க இருக்கு? அடுப்பு ஊதுனா வாய் நோவும். இந்த எளவ வாங்கி வச்சுக்கிட்டு…” நயினார் பிள்ளை ஸ்டவ்வின் பம்பை ஓங்கி ஓங்கி அடித்தார்.

மகன் சாலைக்கடையில் வாங்கியது. விறகுப் புகை பட்டால் உலகம்மைக்கு இழுப்பு வருகிறது என்று அம்மைக்காக வாங்கினான். நயினாருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. காற்றும் மண்ணெண்ணெயும் அடைத்த பித்தளைக் குடம். வெடித்தால் யார் பொறுப்பு?

அடுத்த அறையில் உலகம்மை கட்டிலில் குனிந்து, முட்டில் கையூன்றி, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கம்பவுண்டர் தாசையன். கொதிக்கிற நீரில் போட்டு எடுக்காத ஊசியை அவர் குத்தமாட்டார். குத்தினால் போதும். எத்தனையோ தடவை அப்படிப் பிழைத்து எழுந்து காப்பி கேட்டிருக்கிறாள்.

“அண்ணாச்சி, வெள்ளம் கொதிச்சாச்சா?”

“தீயே பிடிக்கல்ல. பெறவுல்லா கொதிக்கும்!”

மருமகள் பிச்சம்மாள் பின்முற்றத்தில் விறகு மூட்டிப் பார்த்தாள். மழையில் ஊறிய விறகு. புகைதான் வந்தது. அது உள்ளே போகுமுன் அவளே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

“மாமா, எண்ணெய் இருக்கா?”

“எண்ணெயா இது? ரேசன்கடைக்காரன் பாதிக்குப் பாதி வெள்ளம் விட்டிருக்கான்.”

மூடியைத் திருகி, அவ்வளவையும் சட்டியில் கவிழ்த்தார். முகர்ந்தார். ஒரு துணியை நனைத்துக் கொளுத்தினார். நன்றாகவே எரிந்தது. கடைக்காரனைத் திட்டிக்கொண்டே திரும்ப ஊற்றினார்.

“பின்னு போட்டுக் குத்துங்க மாமா!”

“எனக்குத் தெரியும், கேட்டியா.”

ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தார். நீலமாக எரிந்து அணைந்தது. பம்பு அடித்தார். ஒரு சீறலும் இல்லை. பின்னைப் போட்டுக் குத்தினார், அது வளைந்தது. சாவி போட்டு நிப்பிளைக் கழற்றி, விரல் சுட்டதையும் பாராமல் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். துவாரத்தையே காணோம். சுரண்டினார். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. மண்ணெண்ணெய் நாற்றத்தையும் மீறி மணத்தது.

“சந்தனமில்லா இது! எவ வச்சா?”

பிச்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். “அத்தைதான் மாமா. அருவாமணையோட இதையும் சரஸ்வதி பூசைக்கு வச்சாவ. தீ வாற எடந்தான் இதுக்கு நெத்தின்னு அவியளே தொட்டு வச்சாவ. இன்னைக்கு விசயதசமின்னு நான் இப்பத்தான் எடுத்தேன்.”

அவர் மிச்சப் பொடியை ஊதித் தள்ளினார். வேறு பின் எடுத்துக் குத்தி, நிப்பிளை முடுக்கி, மறுபடி சூடாக்கினார். ஸ்டவ் பிடித்தது. அதன் இரைச்சலில் வீட்டில் வேறு சத்தமே கேட்கவில்லை. நீரில் குமிழி வந்ததும் கரித்துணியால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

உலகம்மையை நீட்டிப் படுக்க வைத்திருந்தார் தாசையன்.

“இன்னா வெள்ளம். ஊசியப் போடும்.”

தாசையன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “இனி வேண்டாம் அண்ணாச்சி.”

“என்ன வேண்டாம்? கொதிக்குல்லா.”

“போயிட்டாவ.”

“இழுப்பு அடங்கியிருக்குவே. அடங்குனா இப்பிடித்தான் ஒறங்குவா. எனக்குத் தெரியாதா? நீரு போடும்.”

தாசையன் அசையவில்லை. நயினார் தாமே பெட்டியைத் திறந்து ஊசிக்குழலை எடுத்து நீரில் போட்டார். கண்ணாடி ‘டப்’பென்று விரிசல் விட்டது. ஊசியைத் தொட்டாலே சீறி விழுகிற மனிதர் தாசையன். இன்று பெட்டியை மட்டும் மெல்ல மூடினார்.

அடுக்களையில் ஸ்டவ்வின் இரைச்சல் நின்றது.

“ஏட்டி, என்னத்துக்கு அணைக்கே?”

“மாமா…” பிச்சம்மாள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “துட்டி வீட்டுல அடுப்பு எரியப்பிடாது.”

“யாருட்டி சொன்னா துட்டின்னு? இவன் கம்பவுண்டருதானே, டாக்டரா?”

பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுப் படியிறங்கினார். எதிர்வீட்டு ஜெயபாய் நடையில் நின்றிருந்தாள்.

“எங்க அண்ணாச்சி, இந்த மழையில?”

“டாக்டரக் கூட்டியாறேன். அவளுக்கு மூச்சு முட்டுது. இவன் சொல்லுகது ஒண்ணும் சரியில்ல.”

அவருக்குப் பின்னால் பிச்சம்மாளின் அழுகை எழுந்தது. ஜெயபாய் கதவைக்கூடச் சாத்தாமல் அவரைத் தாண்டி ஓடினாள். நயினார் திரும்பவில்லை. தெருமுக்கில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்குள் இறங்கி நடந்தார்.