பாப்பாயியின் மூலிகைப் பண்ணை

அரசாங்க அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவர்களுக்குச் சோறு இறங்காது. கொல்லிமலை செம்மேட்டில் வட்டார அலுவலக மேலாளராக இருந்த ரோஸ்லினுக்கு அந்த வியாதி நன்றாகவே முற்றியிருந்தது. அலுவலகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவள் அதைத் தன் கல்லூரித் தோழி வரைக்கும் கொண்டுபோனாள்.

திருச்சிப் பக்கத்துக் கல்லூரி அது. முன்னாள் மாணவர் சங்கம் தை மாதம் தோறும் ஒரு மலர் போடும். ஒவ்வொரு வருடத்துக்காரர்களுக்கும் ஒரு பக்கம், ஆளுக்கு இரண்டு வரி. அதைப் புரட்டினால் மனிதன் எந்த வயதில் எதைப் பீற்றிக்கொள்வான் என்று தெரிந்துவிடும். படித்து ஐந்து வருடம் ஆனவர்கள் வேலையைச் சொல்வார்கள். பதினைந்து வருடம் ஆனவர்கள் கட்டிய வீட்டை. முப்பது ஆனவர்கள் பிள்ளைகள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதை. அறுபதுகளில் படித்த பெரியவர்கள் மட்டும், ‘முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆண்டவனுக்கு நன்றி’ என்று எழுதுவார்கள். ரோஸ்லினுக்கு அந்தப் பக்கம்தான் ரொம்பப் பிடிக்கும்.

1988-இல் தாவரவியல் முடித்த இருபத்தாறு பேரின் விவரங்களைத் திரட்டுவது அவள் வேலை. மிரட்டிக் கெஞ்சி எல்லோரிடமும் வாங்கிவிடுவாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெயருக்கு எதிரே மட்டும் இடம் காலியாக நின்றது. பாப்பாயி. கையில் இருந்த போன் நம்பர் வேலை செய்யவில்லை. அச்சகத்துக்கு மறுநாள் போயாக வேண்டும்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு ரோஸ்லின் பாப்பாயியை நினைத்தாள். மூன்று வருடம் ஒரே பெஞ்சு. இரண்டாம் வருடம் செடி சேகரிக்கப் புளியஞ்சோலையிலிருந்து இதே கொல்லிமலைக்கு நடந்தே ஏறினார்கள். பாதி வழியில் ரோஸ்லினின் செருப்பு அறுந்தது. பாப்பாயி தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு முன்னால் போய், ஒவ்வொரு செடியையும் வீட்டுப் பிள்ளையைக் காட்டுவது மாதிரி பேர் சொல்லிக் காட்டினாள். வகுப்பில் வாத்தியாருக்கே அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். பரீட்சை முடிந்த மாதமே புளியஞ்சோலையில் இருந்த மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று ரோஸ்லினுக்கு ஆசையாக இருந்தது. எழுதினாள்: ‘புளியஞ்சோலையில் சொந்த நிலத்தில் மூலிகைப் பண்ணை நடத்துகிறார்.’

எழுதியதோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த வருடம் மலர் வந்ததே! போன வருடம் இருந்த பண்ணை எங்கே போகும்? கொஞ்சம் பெரிதானது. அதற்கடுத்த வருடம் இருபது பெண்களுக்கு வேலை கொடுத்தது. 2017 மலரில் பாப்பாயிக்கு மாவட்ட விருது கூடக் கிடைத்துவிட்டது.

இந்த வருடம் வினை, சென்னையிலிருந்து போனில் வந்தது. எல்லோரும் முதல் முறையாக ஒன்றுகூடுவதென்றும், இடம் கொல்லிமலை என்றும் வகுப்புத் தோழன் மோகன்ராஜ் முடிவு செய்திருந்தான். இரண்டு கல்லூரிகளில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவன். முடிவு செய்வது அவனுக்குப் பழக்கம்.

“சனிக்கிழமை உங்க மலை, ஞாயித்துக்கிழமை இறங்கி பாப்பாயி பண்ணை. அவகிட்டச் சொல்லிடு ரோஸ்லின். பொன்னாடை வாங்கியாச்சு.”

“சொல்லிடறேன்” என்று ரோஸ்லின் போனை வைத்தாள்.

புதன்கிழமை லீவு போட்டாள். மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி, நாமக்கல், துறையூர் என்று பஸ் மாறி, விசாரித்து விசாரித்துப் புளியஞ்சோலையில் பாப்பாயி வீடு போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. களத்தில் ஒருத்தி உட்கார்ந்து மரவள்ளிக் குச்சிகளை நடவுக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்தேழு வருடம் கழித்துப் பார்க்கிறவள் ஆச்சரியப்படக்கூட இல்லை.

“வா கண்ணு. விருது வாங்கப் போனப்ப என்ன சேலை கட்டியிருந்தேன்னு எழுதாம உட்டுட்டியே.”

“உனக்குத் தெரியுமா?”

“எங்கப்பன் ஊட்டு விலாசத்துக்கு வருசா வருசம் புஸ்தகம் வந்துருதே.”

“அப்புறம் ஏன்டி ஒரு போன் பண்ணித் திட்டலை?”

“எதுக்குத் திட்டறது? நல்லாத்தான வச்சிருந்தே என்னைய. படிச்சுப் படிச்சுச் சிரிப்பேன். ஒரு வருசம் மட்டுந்தான் சிரிப்பு வரலை.” கத்தி குச்சியில் நின்றது. “அந்த விருது வருசம். ஆடியில என் பையன் போயிட்டான். பைக்குல வந்தான், எதுத்தாப்பல லாரி. இருவத்திரண்டு வயசு. தையில புஸ்தகம் வருது, பாப்பாயிக்கு விருதுன்னு.”

மன்னிப்புக் கேட்க வந்தவளுக்கு எதற்கென்று கேட்பது என்று தெரியவில்லை. பாப்பாயியே எழுந்து காபி வைக்கப் போனாள். புறப்படும்போது, “சனிக்கிழமை வாரேன். எல்லாத்தையும் பாக்கணும்போல இருக்குது. நீ பயப்படாத போ” என்றாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் ரோஸ்லினுக்கு உறைத்தது. நான்கு வருடமாக மலைமேல் வேலை. விருந்தாளிகள் வந்தால் ஓரமாக நிறுத்தி, “அதோ கீழே தெரியுதே, அதுதான் புளியஞ்சோலைப் பக்கம்” என்று கை நீட்டிக் காட்டுவாள். ஒரு தடவையும் இறங்கிப் போகவில்லை. போனால் பண்ணை இருக்காதே என்ற பயம்தான் காரணம். இப்படியும் ஒரு சிநேகிதி உண்டா என்று தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

சனிக்கிழமை செம்மேட்டு விடுதிக் கூடத்தில் பதினெட்டு பேர் சேர்ந்தார்கள். நரைத்தவர்கள், சாயம் பூசியவர்கள், பூசவே அவசியமில்லாமல் போனவர்கள். “டேய் குண்டா” என்று கட்டிப்பிடித்ததில் கூடம் ஒரு மணி நேரம் கல்லூரி கேண்டீன் போலவே இருந்தது. பிறகு ஆளாளுக்கு மைக் பிடித்துத் தங்கள் கதையைச் சொன்னார்கள். மோகன்ராஜ் மட்டும் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு கையில் பொன்னாடையோடு, “அடுத்து நம்ம விருது நாயகி!” என்று அழைத்தான்.

பாப்பாயி எழுந்தாள். மைக்கை எட்டப் பிடித்துக்கொண்டாள்.

“மூலிகைப் பண்ணையெல்லாம் இல்லீங்க. ரெண்டு ஏக்கர் மரவள்ளி, கொஞ்சம் வாழை, அவ்வளவுதான். விருதும் இல்லீங்க. நீங்கெல்லாம் பெருசு பெருசா எழுதறதப் பாத்து எனக்கும் ஒரு ஆசை. நாந்தான் ரோஸ்லினை அப்படி எழுதச் சொன்னேன். அவ மேல தப்பில்லீங்க.”

கூடமே சிரித்துக் கை தட்டியது. “விருதே உனக்குத்தான் பாப்பாயி!” என்று மோகன்ராஜ் பொன்னாடையைப் போர்த்திவிட்டான்.

ரோஸ்லின் தப்பித்துவிட்டாள். பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். பாப்பாயி பையனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதையும், அந்த இடத்தில் ஒரு பொய்யை வைத்துத் தன்னைக் காப்பாற்றிவிட்டாள் என்பதையும் அந்தக் கூடத்தில் அவள் ஒருத்திதான் அறிவாள்.

எழுந்துவிட்டாள்.

“அவ எழுதச் சொல்லலை.” “எல்லாம் நானா கட்டினது. பன்னிரண்டு வருஷம் இவளைப் பத்தி எழுதினேன். இவகிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. எப்படி இருக்கேன்னு கூடக் கேட்கலை.” அதற்குமேல் முடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். பாப்பாயி பொன்னாடையோடு நடந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அதான் பக்கத்துல வந்து உக்காந்திருக்கேனே. இப்பக் கேளு.”

ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “உன் பையன் பேர் என்ன பாப்பாயி?” என்று கேட்டாள்.

“ஜீவானந்தம்” என்றாள் பாப்பாயி. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, அந்தப் பேரை இன்னொரு தடவை சொன்னாள்.