நானூறு யோசேப்புகள்

கண்ணக்கா மூச்சை அடக்கினால் பட்டறையே மூச்சை அடக்கும். அவள் கையில் இருப்பது மூன்றே மூன்று மயிர் உள்ள தூரிகை. அதைக் கறுப்பு மையில் தொட்டுப் பொம்மையின் முகத்தில் வைத்து எடுப்பதற்குள் பக்கத்தில் யாராவது தும்மிவிட்டால் போச்சு, ஒரு மேய்ப்பனுக்கு ஆயுசு முழுக்க ஒன்றரைக்கண். அப்படிப்பட்ட மேய்ப்பர்கள் ஒரு டஜன் பேர் பின்கட்டில் உடைபடக் காத்திருந்தார்கள். தும்மினவரும் அவர்களோடு சேர்ந்து உடைபட்டிருப்பார். நல்லவேளை, மறுநாளே லீவு போட்டுவிட்டார்.

அது கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் செய்யும் பட்டறை. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் நிலைக்காது. கையில் ஓடுகிற வேலைதான் பெயர். கண் எழுதுகிறவள் கண்ணக்கா. மரியாளின் அங்கிக்கு நிறம் பூசுகிறவள் நீலம். சிரித்தால் அவள் பல்லிலும் கொஞ்சம் நீலம் தெரியும் என்று பேச்சு. மேற்பார்வை பார்ப்பவருக்கு ஸ்கேல் என்று பெயர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். கல்யாண மோதிரத்தையே அளந்துவிட்டுத்தான் விரலை நீட்டினாராம்.

டிசம்பர் பிறந்ததும் மரியாளின் புருஷனான யோசேப்புகள் நானூறு பேர் கண்ணக்காவின் மேசைக்கு வந்து சேர்ந்தார்கள். முகத்தின் உயிர் புருவத்தில் இருக்கிறது. கோட்டின் நுனியை மேலே தூக்கினால் சந்தோஷம், கீழே விட்டால் துக்கம். நடுவில் இருப்பது ஒரு மயிரிழை. பதினொரு வருஷமாக அந்த மயிரிழையில் நடந்தவள் அவள். இந்த வருஷம் கை மேசையில் இருந்தது, மனசு சரக்கறையில் இருந்தது.

காரணம் வீடு. அவளும் புருஷனும் மகளும் இருந்த பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். இருபத்து நாலாம் தேதி மதியத்துக்குள் காலி செய்யவேண்டும். முதலாளியிடம் போய் நின்றாள். அவர் உடனே சரியென்றார்.

"சரக்கு போகட்டும்மா. சரக்கறை காலியாயிடும். நீங்க வந்து இருந்துக்குங்க. எனக்கும் காவலுக்கு ஆள் ஆச்சு."

அன்றைக்கே அவள் ஒரு நூலை எடுத்துக்கொண்டு சரக்கறையை அளந்துவிட்டாள். கட்டிலுக்கு ஒரு முடிச்சு, அலமாரிக்கு ஒரு முடிச்சு, அடுப்புக்கு ஒரு முடிச்சு. கட்டிலைச் சுவரோடு போட்டால் கதவு திறக்காது, கதவு திறந்தால் அலமாரி திறக்காது. ஒவ்வொரு யோசேப்பின் மூக்குக்கு மேலேயும் அந்த அலமாரியைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

"அக்கா, காலை நிறுத்துங்க. என் மரியாளுக்கு நடுக்கம் வருது" என்றாள் நீலம்.

"அலமாரியைத் தலைகீழா வெச்சா உள்ள போகுமாடி?"

"உங்க வீட்டுக்காரரைத் தலைகீழா வெச்சா இன்னும் இடம் கிடைக்கும்."

இருபத்திரண்டாம் தேதி சரக்கு கிளம்பியது. ஒரு பெட்டிக்கு ஒரு குடும்பம்: மரியாள், யோசேப்பு, முன்னணை என்கிற தீனித்தொட்டியில் குழந்தை. ஸ்கேல் உயரத்தை அளந்தார், அகலத்தை அளந்தார், பெட்டிக்கும் பொம்மைக்கும் நடுவே விரற்கடை இடம் இருக்கிறதா என்று அளந்தார். முகத்தை மட்டும் அளக்கவில்லை. லாரி தெருமுனை திரும்புவதற்குள் கண்ணக்கா துடைப்பத்தோடு சரக்கறைக்குள் நுழைந்திருந்தாள். இரண்டு நாளில் அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். ஒரே ஒரு சன்னலுக்கு மஞ்சள் பூப்போட்ட திரை தைத்து மாட்டினாள். அந்தத் தரையை அவள் தேய்த்த தேய்ப்பில் தன் முகம் தெரிந்து எலி ஒன்று பயந்து ஓடியதாக நீலம் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள்.

இருபத்து நாலாம் தேதி மதியம் வாடகை வண்டியில் கட்டில், அலமாரி, அடுப்பு, பாத்திர மூட்டை, மூட்டைமேல் மகள், பின்னால் வண்டியைப் பிடித்தபடி புருஷன் என்று ஊர்வலமாக வந்து இறங்கினார்கள். புருஷன் வெல்டர். ஆயிரம் டிகிரிச் சூட்டில் சிரித்துக்கொண்டு நிற்கிற மனுஷன், அலமாரியின் ஒரு கால் தரையில் இடித்தால் பதறிப்போவான்.

வாசலில் இவர்களுக்கு முன்பே ஒரு லாரி நின்றது. இரண்டு நாளுக்கு முன் போன அதே லாரி. பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கி, சுண்ணாம்பு வாசம் இன்னும் போகாத சரக்கறைக்குள் போய்க்கொண்டிருந்தன.

"என்னங்க இது?" என்றாள் கண்ணக்கா, யாரிடம் என்று இல்லாமல்.

ஸ்கேல் ஒரு பெட்டியைப் பிரித்து யோசேப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நீயே பாரு. கடைக்காரன் அத்தனையும் திருப்பி அனுப்பிட்டான். ‘இந்த மாமா ஏன் அழுவுறாரு’ன்னு பிள்ளைங்க கேக்குதாம். நானூறு பேரும்மா! ஒருத்தராவது சிரிக்கக்கூடாதா?"

அவள் பார்த்தாள். இரண்டு புருவமும் நடுவில் ஏறி ஓரத்தில் இறங்கியிருந்தன. கண் எங்கேயோ பக்கவாட்டில், ஒரு கதவை அளப்பதுபோல. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். திரும்பினாள். புருஷன் அலமாரியை முதுகில் தாங்கியபடி, எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றிருந்தான். அதே புருவம். அதே கண். தாடிகூட அதே தாடி.

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலாளி வெள்ளைச் சட்டையில் வெளியே வந்தார். காரில் அவர் வீட்டார் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மடிநிறைய வண்ணத்தாள் சுற்றிய பெட்டிகள்.

"ஐயா, இந்த ரூம்..." என்று ஆரம்பித்தான் வெல்டர்.

"நான் என்னப்பா பண்ண? வானத்தைப் பாரு. பொம்மை அத்தனையும் பிளாஸ்டர். நனைஞ்சா கரைஞ்சிடும்."

"நாங்க நனைஞ்சா?"

முதலாளி உண்மையாகவே யோசித்தார். "நீங்க துடைச்சுக்கலாம்" என்றார்.

பிறகு கண்ணக்காவிடம் திரும்பினார். "நாளை மறுநாள்லேருந்து உக்காரு. நானூறுக்கும் புருவத்தை மேல தூக்கிவிடு. அடுத்த வருஷத்துக்கு விக்கலாம். அந்தச் சரக்கு போனதும் ரூம் உங்களுதுதான். நான் சொன்ன வாக்கு மாறமாட்டேன்."

"அடுத்த வருஷம் டிசம்பர்லயா ஐயா?" என்றாள் அவள்.

"அதுவரைக்கும் உலர்த்துற கொட்டகை இருக்கில்ல? வேற இடம் கிடைக்கிற வரைக்கும் இருந்துக்குங்க. யாராவது உங்களைப் போன்னு சொன்னாங்களா?"

கண்ணக்கா கையிலிருந்த பொம்மையை நீட்டினாள். "ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா? வெளியூர்ல, மாசமா இருக்கிற பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு, சத்திரத்துல இடமில்லைன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. இந்த யோசேப்பு எப்படிச் சிரிச்சுக்கிட்டு நிப்பாரு?"

"அது கதைம்மா. இது கடை" என்றார் முதலாளி. "ஆராதனைக்கு நேரமாச்சு." கார் கிளம்பியது.

கொட்டகைக்குத் தகரக்கூரை உண்டு, சுவர் கிடையாது. தட்டிகளில் நூறு நூற்றைம்பது வெள்ளாட்டுக்குட்டிகள் இன்னும் கண் எழுதாமல் உலர்ந்துகொண்டிருந்தன. கண்ணக்கா நூலை எடுத்தாள். கட்டில் முடிச்சு ஆட்டுத் தட்டியில் இடித்தது. அலமாரி முடிச்சு மழைச்சாரல் விழும் இடத்துக்குப் போனது. மறுபடி அளந்தாள். மறுபடியும்.

"அளந்து அளந்து நூலைத் தேய்க்காதே. ஸ்கேல் உன்னை வேலையை விட்டு அனுப்பப்போறாரு, போட்டிக்கு வந்துட்டேன்னு" என்றான் வெல்டர். சொன்ன வேடிக்கைக்கு அவனே சிரிக்கவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தான். திரும்பி வந்தான். ஒரு மூட்டையைத் தூக்கினான், தூக்கின இடத்திலேயே வைத்தான்.

நீலம் ஓடிவந்தாள். "அக்கா, எங்க வீட்டுக்கு வாங்க. ஏழு பேர்தான். ஒருத்தர் புரண்டு படுத்தா ஏழு பேரும் புரளணும், அவ்வளவுதான். நீங்க வந்தா கணக்கா பத்து."

"கட்டிலை யார் தலையில போடுறது? போடி, உன் பிள்ளைங்க காத்திருக்கும்."

"சாப்பாடாவது கொண்டாரேன்" என்று நீலம் மறுபடி ஓடினாள்.

"எல்லாம் போச்சு" என்றான் வெல்டர். "ஒரு மாசமா போட்ட திட்டம். சுண்ணாம்பு அடிச்சது யாரு? திரை தைச்சது யாரு? படுத்துக்கிறது யாரு பாரு. பிளாஸ்டர்!"

"புருவத்தை இறக்குனது நான்தானே. என் கைதான் நம்மளை வெளிய தள்ளிடுச்சு."

"உன் கை பொய் சொல்லலை. விடு."

கண்ணக்கா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஸ்கேல் கொடுத்த யோசேப்பு இன்னும் அவள் கையிலேயே இருந்தார். கொடுக்க மறந்திருந்தாள்; ஸ்கேலும் கேட்க மறந்திருந்தார். அவருடைய வாழ்நாளில் எண்ணிக்கை தவறியது அது ஒரு தடவைதான்.

"ஏங்க, இவரு தச்சன்தானே?"

"ஆமா. அதுக்கு?"

"வீட்டுல தொட்டில் செஞ்சு வெச்சிருப்பாருல்ல? தச்சன் வீட்டுல பிள்ளை பிறக்கப்போகுது, சும்மாவா இருந்திருப்பாரு? இழைச்சு, விளிம்பெல்லாம் கையில குத்தாம தேச்சு வெச்சிருப்பாரு. அப்புறம் குடிமதிப்பு எழுதணும், அவங்கவங்க பூர்வீக ஊருக்குப் போய்த் தலைக்கணக்குல பேர் குடுக்கணும்னு ராஜா கட்டளை வந்துடுச்சு. தொட்டில் அங்க. இவங்க இங்க."

வெல்டர் நடப்பதை நிறுத்தினான்.

"அவரு போட்ட திட்டம் எதுவும் நடக்கலைங்க. ஒண்ணுகூட. ஆனா வரவேண்டியவரு, ‘இடம் சரியாகட்டும், அப்புறமா வர்றேன்’னு தேதியைத் தள்ளிவெக்கலை. மாட்டுக்குத் தீனி போடுற இடம்னாலும் பரவாயில்லைன்னு வந்துட்டாரு."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்லை. இன்னைக்கும் வருவாரு. எந்த வாசலுக்குன்னு நான் சொல்லணுமா?"

வெல்டர் கூரையைப் பார்த்தான். பிறகு ஆட்டுத் தட்டி ஒன்றை மெல்ல நகர்த்தினான், இன்னொன்றை அதன்மேல் ஏற்றினான். கட்டில் முடிச்சு சரியாக உட்கார்ந்தது. மகள் கட்டிலில் ஏறிக் குதித்தாள். "அம்மா, நாம ஆடுங்களோடயா தூங்கப்போறோம்?" என்று கேட்டாள், அவளுக்கு அதைவிட நல்ல வீடு உலகத்தில் கிடையாது.

கண்ணக்கா யோசேப்பைக் கட்டில் தலைமாட்டில் நிறுத்தினாள். புருவத்தைத் தொடவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் தூறல் விழுந்தது. எங்கோ மாதா கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. ஸ்கேல் குடையோடு வந்து கொட்டகைப் பக்கம் பார்க்காமல் சரக்கறைக்குப் போனார்.

"கடைசியா அஞ்சு பெட்டி உள்ள கொள்ளலை" என்றார் திரும்பி வந்து, தரையைப் பார்த்து. "முதலாளி இங்க வெக்கச் சொல்லியிருக்காரு. கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

தள்ளிக்கொண்டார்கள். அலமாரி முழுசாகச் சாரலுக்குப் போனது. ஸ்கேல் ஐந்து பெட்டிகளின்மேலும் தார்ப்பாய் போட்டு, நான்கு மூலையும் சமமாகத் தொங்குகிறதா என்று அளந்தார். பிறகு சரக்கறைக்குள் ஈரம் ஏறாமலிருக்கப் பெரிய சூட்டு விளக்கைப் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டினார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்மா" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

மழை வலுத்தது. வெல்டர் கொட்டகையின் ஓரத்தில் நின்று, சாரல் மகள்மேல் படாமல் ஒரு போர்வையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டான். எதிரே சரக்கறைச் சன்னலில் மஞ்சள் பூப்போட்ட திரை உள்ளிருந்து ஒளிர்ந்தது. அதற்குப் பின்னால் அத்தனை குடும்பங்கள் வெதுவெதுப்பாக, நனையாமல் இருந்தன. அந்த வெளிச்சம் முற்றத்து மழையைத் தாண்டி வந்து, உயர்ந்த கைகளுக்குக் கீழே அவன் புருவத்தில் விழுந்தது.