சுப்பையா ஏணியிலிருந்து விழவில்லை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. தேவராஜ மார்க்கெட்டில் வாழையிலை வாங்கி, பேரமெல்லாம் முடிந்த பிறகு, இலைக்கடை மகேஸ்வரி கேட்டது.

"அக்கா, நீங்க கதை எழுதுவீங்களாமா?"

"எழுதுவேன்."

"எங்கூட்டுக்காரரப் பத்தி ஏற்கெனவே ஒருத்தரு எழுதிப்போட்டாருங்க. நெம்ப மோசமான கதை. நீங்க வேற ஒண்ணு எழுதிக் குடுங்க."

மோசமாகக் கதை எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லோரையும் எனக்குத் தெரியும் (என்னையும் சேர்த்து). யார் என்று கேட்டேன்.

"ஆபீஸ்லங்க" என்றாள்.

2

ஆபீஸ் தன் விபத்து அறிக்கையில் எழுதிய கதை இது. மகேஸ்வரியின் கணவர் சுப்பையா, ஹனூர்க்காரர், வெல்டர். மைசூருக்கு வெளியே, மதிலுக்குப் பின்னால், ராணுவத்துக்காக ஏதோ செய்கிற இடத்தில் ஒப்பந்த வேலை.* போன கார்த்திகையில் அவர் குடித்துவிட்டு ஏணியிலிருந்து விழுந்தார். இரண்டு காதும் போய்விட்டன. முற்றும்.

நடந்தது வேறு. அன்று அங்கே ஒரு சோதனை நடந்தது, ஏதோ வெடித்தது; சத்தம் மதிலைத் தாண்டியும் கேட்டதாம். ஆனால் சோதனை ரகசியம். ஆகவே நடக்கவில்லை. நடக்காத சோதனையில் காது போகாது. ஆகவே ஏணி. ஏணியிலிருந்து விழ ஒரு காரணம் வேண்டும். ஆகவே பாட்டில்.

இங்கேதான் அந்த எழுத்தாளர் கோட்டை விட்டார். சுப்பையா அப்போது சபரிமலைக்கு மாலை போட்டு விரதத்தில் இருந்தார். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த அந்த மாலையை மகேஸ்வரி சாமி படத்தில் மாட்டி வைத்திருக்கிறாள். பாத்திரத்தைத் தெரிந்துகொள்ளாமல் கதை எழுதினால் இப்படித்தான் ஆகும்.

மோசமான கதைக்குத்தான் வாசகர்கள் அதிகம். அது ஹனூர் வரை போய்விட்டது. மாலையோடு குடித்தவன் என்று பெயர். வருடா வருடம் சுப்பையாவை மலைக்கு அழைத்துப்போன குருசாமி லிங்கப்பன், இந்த வருடம் மாலை போட்டுவிட முடியாது என்கிறார். கார்த்திகை பிறக்கப்போகிறது.

*எந்த ரோடு என்று சொல்ல மாட்டேன். தேடிப் போகாதீர்கள், கதைக்காக நானே கட்டிய மதில் அது.

3

முதல் தொடக்கம்: "அந்த ரகசிய ஆயுதத்தின் பெயர்"

[அடித்துவிட்டேன். எனக்குத் தெரியாது.]

இரண்டாவது: "சிவப்பு விளக்கு எரிந்தது. விஞ்ஞானிகள் முகத்தில் வியர்வை. சுப்பையா பாய்ந்து சென்று அந்த"

[சினிமா. பாய்கிற வயதும் இல்லை அவருக்கு.]

மூன்றாவது: "ஒரு பட்டாசு ஆலையில்"

[இது முரளிதரன் சொன்ன யோசனை. அடுத்த பகுதியில் வருகிறார்.]

4

முரளிதரன் என் எதிர்வீட்டுக்காரர். கன்னடம் கலந்து பேசுவார்: 'சும்னே' என்றால் சும்மா, 'அல்வா' என்றால் இல்லையா. இதேபோல் ஒரு மதிலுக்குப் பின்னால் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். காபி குடித்துக்கொண்டே என் கைப்பிரதியைப் படித்தார்.

"மேடம், சும்னே எதுக்கு ரிஸ்க்? பட்டாசு ஃபேக்டரின்னு மாத்திடுங்க. தேசப் பாதுகாப்பு விஷயம், அல்வா? எதிரி நாட்டுக்காரன் எல்லாத்தையும் படிக்கிறான்."

"என் கதையையா? உள்ளூர்க்காரனே படிக்க மாட்டேங்கிறான்."

அவர் சிரிக்கவில்லை. "நம்மகிட்ட என்ன இருக்குன்னு தெரியாத வரைக்கும்தான் அவன் பயப்படுவான். ரகசியம் இல்லாம ராணுவம் இல்ல மேடம்."

ஒத்துக்கொள்கிறேன். அவர் சொல்வது நியாயம்தான்.

[அந்த அறிக்கையை எழுதியதே முரளிதரன்தான் என்று இங்கே ஒரு திருப்பம் வைக்கலாம். வைக்க மாட்டேன். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களும் இப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.]

அன்று சாயங்காலம் டிவியில் விவாதம். புதிய ஏவுகணை ஒன்று திரையில் பொம்மைபோல் சுற்றியது. எவ்வளவு தூரம் போகும், எதைத் துளைக்கும், நம் பலம் போதுமா போதாதா என்று ஓய்வுபெற்ற அதிகாரிகள் கத்திக்கொண்டார்கள். சுப்பையாவின் காதைக் கொண்டுபோனது அதுவா, தெரியாது. ஆனால் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனையையும் ஊருக்குச் சொல்லலாம். ஒரு வெல்டர் குடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லக்கூடாதா?

5

சுப்பையாவைப் பார்க்கப் போனேன். தன் குரலே கேட்காததால் அவர் பேசினால் தெருவுக்கே பேசுகிறார். நான் உட்கார்ந்ததும் மகேஸ்வரி ஜன்னலைச் சாத்தினாள். பிரயோஜனமில்லை.

என்ன வெடித்தது என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிக் கேட்டேன்.

"சொல்ல மாட்டேனுங்க!" என்று கத்தினார். "சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கறேன்! என்ற பொண்டாட்டிக்கே சொல்லலீங்க! ஆனா நான் குடிக்கலீங்க! ஐயப்பன் மேல ஆணையா ஒரு சொட்டு குடிக்கலீங்க!"

அவர்கள் எதிர்வீட்டில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களாக்கா" என்றாள் மகேஸ்வரி. "ரகசியத்த அவரு காப்பாத்தறாரு. அவர யாருங்க காப்பாத்தறது?"

வீட்டுக்கு வந்து பட்டாசு ஆலையைக் கிழித்துப் போட்டேன். மதிலுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பொருளின் இடத்தை இந்தக் கதையில் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் அங்கே ஏவுகணை வைத்துக்கொள்ளுங்கள், பீரங்கி வைத்துக்கொள்ளுங்கள், குக்கர்கூட வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரகசியம் எனக்கு வேண்டாம். சுப்பையாவின் கையில் மட்டும் பாட்டிலை வைக்காதீர்கள்.

6

முடிவு ஒன்று: அதிகாரிகள் வந்து சால்வை போர்த்தி மன்னிப்புக் கேட்கிறார்கள்.

[மகேஸ்வரியிடம் வாசித்துக் காட்டினேன். இலையை மடித்துக்கொண்டே சிரித்தாள்.]

முடிவு இரண்டு: அதிகாரிகள் என் வீட்டுக்கு வருகிறார்கள்.

[வரட்டும். காபி கொடுப்பேன். ஒரு வரியையும் எடுக்க மாட்டேன்.]

முடிவு மூன்று: கார்த்திகை முதல் தேதி, ஐயப்பன் கோயில். சுப்பையா குளித்துக் கறுப்பு வேட்டி கட்டி வரிசையில் நிற்கிறார். அவர் முறை வருகிறது. படத்தில் தொங்கிய பழைய மாலையை மகேஸ்வரி குருசாமியிடம் நீட்டுகிறாள். லிங்கப்பன் கெட்டவரல்ல. மாலையை வாங்கிக்கொண்டு தயங்குகிறார்.

"பொண்டாட்டி சொன்னாப் பத்தாதுங்க" என்கிறார். "போன வருசம் இந்தச் சாமி குடிச்சுதா இல்லியா? தெரிஞ்ச சாமி யாராச்சும் சொல்லுங்க."

நான் சொன்னால் எடுபடாது, கதை கட்டுகிறவள். முரளிதரன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிறார். மற்றவர்கள் தரையைப் பார்க்கிறார்கள்.

வரிசையில் சுப்பையாவுக்கு அடுத்து நிற்பது நீங்கள். இத்தனை தூரம் படித்துவிட்டு, தெரியாது என்று சொல்ல முடியாது. லிங்கப்பன் உங்களைத்தான் பார்க்கிறார், மாலை இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.

சத்தமாகச் சொல்லுங்கள். சுப்பையாவுக்குக் கேட்காது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்கும்.