ஏழு நாற்பத்தொன்று

இன்னும் இருபத்தாறு மணி நேரத்தில் வனஜா அக்கா மோஷியில் இருந்த வீட்டைக் காலி செய்யவிருந்தார். அதற்குள் நான் அங்கிருந்த கணினியை எடுத்து வர வேண்டும். அவரிடம் ஒன்றைச் சொல்லவும் வேண்டும். கணினியை எடுப்பது சுலபம்.

விமான் நகரிலிருந்து ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தபோது கோகுல்நாத் அழைத்தான்.

"ராஜி, பழைய பதிவையும் சேர்த்துக் காப்பி பண்ணிடு. எதையும் விட்டுடாத."

"ம்."

"என்ன ம்? உன்கிட்ட பேசறதுக்கு அந்தக் கம்ப்யூட்டர்கிட்டயே பேசலாம். அதாச்சும் பீப்புன்னு சத்தம் போடும்."

"சரி. பண்றேன்."

"அப்பாடா, ரெண்டு வார்த்தை."

நாங்கள் கார்விக்காக வேலை செய்தோம். கார்வி ஒரு நிரல்மொழி. மழை அளவுகளைக் கணக்கிட யாரோ ஓர் ஆய்வாளர் உருவாக்கி, பாதியில் விட்டுவிட்டார். சஹ்யாத்ரி மலையில் எட்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் செடியின் பெயர் அது. "புது வெர்ஷனும் அப்படித்தான் வரும்" என்பார் சபரி அண்ணா. உலகம் முழுவதும் முந்நூறு பேர் பயன்படுத்தினால் அதிகம். "எங்க அபார்ட்மெண்ட் சொசைட்டில தண்ணி டேங்கருக்கு நிக்கிற கூட்டம் அதைவிட ஜாஸ்தி" என்றும் சொல்வார். அவருக்குச் சாகண் ஊரில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை; வனஜா அக்கா அவர் மனைவி. அவர், கோகுல், நான். மூன்று பேரும் சம்பளம் இல்லாமல் கார்விக்கு ஓர் இணையதளம் கட்டினோம். பாடங்கள், எடுத்துக்காட்டுகள், எதையும் நிறுவாமல் உலாவியிலேயே நிரலை எழுதி ஓட்டிப் பார்க்க ஒரு பக்கம். அந்தப் பக்கம் சபரி அண்ணாவின் மோஷி வீட்டுக் கணினியிலிருந்துதான் இயங்கியது.

எங்களுக்கு ஒரு விதி இருந்தது. எழுதியவரே தன் மாற்றத்தைத் தளத்தில் ஏற்றக் கூடாது. இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒரே ஓர் எண்ணை மாற்றினாலும் சரி. நிர்வாகிக்கான அனுமதி என்னிடம் இருந்தது. நான் நினைத்தால் மீறியிருக்கலாம். நான் விதிகளை மீறுகிறவள் இல்லை.

சபரி அண்ணா இறந்து நாற்பத்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. சாகணிலிருந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது, இந்திராயணிப் பாலத்துக்கு முன்னால், விளக்கில்லாத இடத்தில். வண்டி ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஓரமாக நிறுத்தப்பட்டிருந்தது. பின்னால் வந்த கண்டெய்னர் லாரி அவரையும் வண்டியையும் சேர்த்து இழுத்துப் போனது. எனக்குச் செய்தி வந்தபோது மணி ஒன்பதரை. அதுவரை நான் இணையம் வழியே பதினொரு கல்லூரி மாணவர்களுக்குக் கார்வியில் மழையைக் கூட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

அவர் அங்கே ஏன் நின்றார் என்பது யாருக்கும் தெரியாது என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்குத் தெரியும்.

மோஷி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் அட்டைப்பெட்டிகள். சுவரில் படங்கள் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"வா கண்ணு. உக்காரச் சொல்ல நாற்காலி இல்ல, கட்டிட்டானுங்க. அந்தப் பெட்டி மேல உக்காரு. புஸ்தகம்தான், உடையாது."

வனஜா அக்காவுக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சி. இங்கே வங்கியில் வேலை. இப்போது கோயம்புத்தூருக்கு மாற்றல் வாங்கியிருந்தார்.

கணினி துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே பலகையில் இருந்தது. அதில் சபரி அண்ணாவின் கையெழுத்தில் ஒரு காகிதம், மராத்தியில்: பந்த் கரூ நகா. அணைக்காதீர்கள். வேலைக்கு வரும் பெண்ணுக்காக எழுதி ஒட்டியது.

"நானும் அணைக்கல," என்றார் அக்கா. "அவரு துணியெல்லாம் குடுத்துட்டேன். இத மட்டும் தொடல. ராத்திரி இது சத்தம் போட்டுட்டே இருக்கும். இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

நான் கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க்கைச் செருகி நகலெடுக்கத் தொடங்கினேன். ஒரு கேள்வி வந்தது: பழைய பதிவுகளையும் சேர்க்கவா? என் விரல் 'வேண்டாம்' மேல் நின்றது. பதிவு இந்தக் கணினியிலேயே தங்கிவிட்டால் பிறகு இதன் டிஸ்க்கை அழித்துவிடலாம். கோகுலிடம் பழுதாகிவிட்டது என்று சொல்லலாம். நேற்று முழுவதும் இதைத்தான் யோசித்திருந்தேன். 'ஆம்' அழுத்தினேன். நாற்பது நிமிடம் என்றது.

அக்கா டீ கொண்டுவந்தார். பால் இல்லாத டீ.

"பால் வாங்கறதில்ல கண்ணு. முடியல." தரையில் உட்கார்ந்தார். "உன்கிட்ட சொன்னா என்ன. அன்னைக்கு ஏழரை மணிக்கு நான் அவருக்குப் போன் பண்ணேன். வரும்போது பால் வாங்கிட்டு வாங்கன்னு சொல்ல. ரெண்டு தடவ பண்ணேன். எடுக்கல. வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டாரு. என் நம்பர் ரெண்டு தடவ வந்திருக்கேன்னு, திருப்பிக் கூப்பிடத்தான் அங்க நின்னிருப்பாரு."

"அக்கா..."

"வேற என்னத்துக்கு அந்த இருட்டுல நிக்கணும்? டீக்கடை இல்ல, ஒண்ணுமில்ல. போனும் நொறுங்கிப் போச்சு. அத்தை காரியத்தன்னைக்கு எல்லாரும் இருக்கையிலயே சொன்னாங்க. ஒரு பாக்கெட் பாலுக்கு எம்புள்ளையக் கொன்னுட்டாளேன்னு. தப்பா என்ன சொல்லிட்டாங்க? நெசந்தானே."

டீ ஆறிக்கொண்டிருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். வகுப்பு எடுக்கும்போதுகூட நான் எல்லாவற்றையும் எழுதிவைத்துப் படிக்கிறவள். இதையும் எழுதி வைத்திருந்தேன். காகிதம் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

"பரிதாபமாப் பாக்காத," என்றார் அக்கா. "இதுல அவரு செஞ்சது ஏதாச்சும் இருக்குமா? எனக்குப் புரியாது. சும்மா பாக்கணும்."

அவர் தந்த ஒப்புதல்களின் பட்டியலைத் திறந்தேன். அவர் பெயருக்கு எதிரே தேதி, நேரம், ஒரு வரிக் குறிப்பு. புதியது மேலே இருக்கும். நான் அதை மாற்றி, பழையது மேலே வரும்படி வைத்தேன். ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டு வரிகள். அவ்வளவு தூரம் போகமாட்டார் என்று நினைத்தேன்.

அக்கா எழுந்து வந்து திரைக்கு அருகில் குனிந்தார். வங்கிக்காரர். விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார்.

"ஜூன் ஒம்போது. என் பொறந்த நாளு. ராத்திரி பத்து இருவது. தலவலின்னு சீக்கிரம் படுக்கப் போனாரு, பாத்தியா! திருட்டு மனுஷன்." சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது. "இது தீபாவளி. இதுவும் தீபாவளி. கட்டுன பொண்டாட்டிய விட்டுட்டு உங்க ரெண்டு பேரு கூடத்தான் குடும்பம் நடத்தியிருக்காரு."

அவராகவே அம்புக்குறி விசையை அழுத்தப் பழகிக்கொண்டார். பிறகு பொறுமை இழந்தவர் போலக் கடைசிக்குப் போகும் விசையை அழுத்தினார். பட்டியல் ஓடி அடியில் நின்றது.

கடைசி வரி. அன்றைய தேதி. மாலை 7:41. குறிப்பு: 'காத்திருக்கும் நேரம் பத்திலிருந்து முப்பது நொடி. சரி. வகுப்பு நல்லா எடு.'

அக்கா அதை மறுபடி படித்தார். விரல் அந்த நேரத்தின் மேல் இருந்தது.

"போலீஸ் ஏழே முக்கால்னு எழுதியிருக்காங்க," என்றார் மெதுவாக. "ஏழு நாப்பத்தொண்ணுன்னா அவரு ரோட்டுலதானே இருந்தாரு."

நகல் முடிந்து கணினி ஒருமுறை பீப் என்றது.

"இது தானா வர்றதா கண்ணு? அவரு முன்னாடியே போட்டு வெச்சது, கம்ப்யூட்டர் அப்புறமா அனுப்பியிருக்குமா? எங்க பேங்க்ல அப்படி உண்டு."

ஆமாம் என்றால் போதும். அவர் நம்புவார். நாளை மாலை கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிடுவார். பால் வாங்காமல் அங்கேயும் இருப்பார்.

"தானா வரலக்கா," என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"எட்டு மணிக்கு எனக்குக் கிளாஸ். பக்கம் நடுவுல நிக்காம இருக்க ஒரு எண்ணை மாத்தியிருந்தேன். கோகுல் விமானத்துல இருந்தான். அதனால ஒப்புதல் கேட்டு அண்ணாவுக்குப் போன் பண்ணேன். காதுல மாட்டியிருந்த இயர்போன்ல எடுத்தார். வண்டில இருக்கேன், வீட்டுக்குப் போனதும் பாத்துத் தரேன்னார். உங்க போனுக்காக அவர் நிக்கலக்கா. அதுக்குள்ள லேட் ஆயிடும்ணா, ஓரமா நிறுத்திட்டுப் போன்லயே பாத்துக் கொடுத்துடுங்கன்னு நான்தான் சொன்னேன்."