செயின் துள்ளிய இடம்

"செயின் மாத்தி ஒரு வாரம்கூட ஆகல பாய், மிதிச்சா ஸ்லிப் ஆவுது. என்ன வேலை பண்ணீங்க?" பிரேசர் டவுன் சைக்கிள் கடையில் நாலு பேர் முன்னால் கத்தினேன்.

மெக்கானிக் நவாஸ் பாய் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, கையால் பெடலைச் சுற்றினார். செயின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் துள்ளியது. செயினைக் கழற்றி மாட்டுவதற்கான க்விக் லிங்க் இருந்த இடம் அது. குனிந்து பார்த்தார்.

"லிங்க் தலைகீழா இருக்கு மேடம். இந்த வளைவு வெளிப்பக்கம் பாக்கணும், உள்ள பாத்து இருக்கு."

எனக்குக் காது சூடானது. ஞாயிற்றுக்கிழமை செயினைக் கழுவுவதற்காக அந்த லிங்க்கைக் கழற்றியது நான். வீடியோ பார்த்து, பெரிய மேதாவி மாதிரி திரும்ப மாட்டியதும் நான்தான்.

"கவனிக்காம மாட்டிட்டேன் போல. ஸாரி மேடம்." அவர் லிங்க்கைத் திருப்பி மாட்டினார். செயின் சத்தமில்லாமல் ஓடியது. "பதினெட்டு வருஷத்துல இப்படிப் பண்ணதே இல்ல," என்று தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சொல்லிவிட வாயைத் திறந்தேன். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பரவாயில்ல பாய், விடுங்க," என்று அவரை மன்னித்தேன்.